கனக்குழலா, கார்பைனா: உம்சிண்டோ கரும்புத் தோட்டத்தில் ஒரு துப்பாக்கித் தேர்வு

குவாசூலு-நாட்டாலின் தென்கரையில், உம்சிண்டோவிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக ஏறிப்போகும் சாலையில், சீசெலா ஆலைக்குக் கரும்பு அனுப்பும் நடுத்தரத் தோட்டம் ஒன்று என் சின்ன மாமாவுக்கு இருக்கிறது. மூன்று பக்கமும் கரும்பு, நான்காவது பக்கம் ஆற்றை நோக்கிச் சரியும் புதர்க்காடு என்பதுதான் அந்த நிலத்தின் அமைப்பு. புஷ்பிக் என்று இங்கே எல்லாரும் சொல்லும் காட்டுப்பன்றி பகலெல்லாம் அந்தச் சரிவில் படுத்திருந்து, இருட்டிய பிறகு கரும்புக்குள் நுழைகிறது. அது தின்பதைவிட முறித்துப் போடுவதுதான் அதிகம். ஒரு கூட்டம் இரவில் புகுந்து போன இடத்தைக் காலையில் பார்த்தால், யாரோ பாய் விரித்து உருண்டு எழுந்ததுபோல் வட்டவட்டமாகக் கரும்பு சாய்ந்து கிடக்கும். சப்பித் துப்பிய சக்கை மட்டும் ஒரு கூடை தேறும்.

பன்றியை விரட்ட ஒரு ரைபிள் வாங்க வேண்டும் என்று மாமா முடிவு செய்தபோது, எதை வாங்குவது என்ற கேள்வியோடு என்னிடம் வந்தார். வந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். கடையில் பார்த்த ஒரு .308 கனக்குழல் ரைபிளின் படத்தைக் காட்டி, "தம்பி, இதுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடு" என்றார். குழல் தடித்துக் கனத்த அந்த ரைபிளா, குட்டையும் இலேசுமான கார்பைனா என்பதுதான் எங்களுக்குள் எழுந்த கேள்வி. அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து தோட்டத்தில் துப்பாக்கி வேலைக்கு வந்தது வரையிலும், அதற்குப் பின் வந்த ஒரு குளிர்காலம் வரையிலும் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

கடிதம் என்று அவர் சொன்னது உரிம விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய காரணக் கடிதத்தை. 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, தென்னாப்பிரிக்காவில் ஒருவர் ஒரு துப்பாக்கியை விரும்புகிறார் என்பது மட்டும் அதை வைத்திருக்கப் போதுமான காரணம் ஆகாது. தகுதிச் சான்றிதழ் வேண்டும், முறையான இரும்புப் பெட்டி வேண்டும், குறிப்பிட்ட இந்தத் துப்பாக்கி குறிப்பிட்ட இந்த வேலைக்கு ஏன் தேவை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். உரிமம் வரும்வரை காசு கொடுத்து வாங்கிய ரைபிளும் கடைக்காரரின் பெட்டகத்திலேயே இருக்கும். எப்போதாவது வேட்டைக்குப் போகிறவர்களுக்கான 15ஆம் பிரிவில் ஒருவருக்கு நான்கு உரிமங்கள் வரைதான் கிடைக்கும். தானியங்கி ரைபிளோ அரைத்தானியங்கி ரைபிளோ அந்தப் பிரிவில் கிடையாது. ஆகவே இரண்டு பக்கத்திலும் பேச்சு, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ரைபிளைப் பற்றியதுதான். மாமாவிடம் ஏற்கெனவே ஒரு .22, ஒரு 12 போர் ஷாட்கன், ஒரு பழைய .303 ஆகியவை இருந்தன. மீதி இருந்தது ஒரே ஓர் இடம். தவறாக வாங்கிவிட்டால் அதை விற்று, மறுபடி மனுப்போட்டு, மறுபடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டையும் வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சொல்லும் நண்பர்களுக்கு இதுவே பதில்.

அந்தப் பழைய .303தான் இந்த விவகாரத்தின் வேர் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகவே புரிந்தது. அது பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு ரைபிள் வரிசையில் 5ஆம் எண், 'ஜங்கிள் கார்பைன்' என்று பெயர் பெற்றது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், பர்மா போன்ற கீழ்த்திசைக் காடுகளில் நடந்து போரிட வேண்டிய சிப்பாய்க்காகப் பிரிட்டன் செய்தது. அதே வரிசையின் முழு நீள 4ஆம் எண் ரைபிள் 4 கிலோவைத் தாண்டும், நீளம் 1.13 மீட்டர். கார்பைன் ஏறத்தாழ 3.2 கிலோ, நீளம் 1 மீட்டர். குழலைக் குறுக்கி, முன்கட்டையை வெட்டி, குழல் வந்து பொருந்தும் உடற்பகுதியிலும் அங்கங்கே உலோகத்தைக் குடைந்தெடுத்துத்தான் அந்த எடையைக் குறைத்தார்கள். அதற்கான விலையும் கூடவே வந்தது. இன்று ஜீரோ செய்தது, அதாவது குறி பார்த்த இடத்திலேயே அடி விழும்படி சரிசெய்தது, நாளை வேறிடத்தில் அடிக்கும் என்ற புகார் படையிலேயே எழுந்தது. தோளில் படும் ரப்பரும் சிறியது என்பதால் உதை ஒரே புள்ளியில் குத்தும். 1947இல் அதன் தயாரிப்பே நின்றுவிட்டது.

மாமா அதைப் பழையதாக வாங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மூன்று பன்றிகளைத் தவறவிட்ட பிறகு அவர் எடுத்த முடிவு, 'இலேசான துப்பாக்கி எல்லாம் ஏமாற்று' என்பது. அந்த ஒரு கார்பைனின் குறையை அவர் கார்பைன் என்ற இனத்தின் மேலேயே ஏற்றிவிட்டார். கனக்குழல் மேல் அவருக்கு வந்த காதலில் பாதி, பழைய .303 மேல் இருந்த கோபம்தான்.

கணக்கு

ஒப்பிட எடுத்துக்கொண்ட இரண்டும் .308 தோட்டாவைச் சுடுபவை. ஒன்று என்னுடைய கனக்குழல் ரைபிள்: குழல் 26 அங்குலம், நுனியில் 22 மில்லிமீட்டர் தடிமன், ஸ்கோப்போடு 5.8 கிலோ. மற்றது என் நண்பருடைய இலேசான கார்பைன்: குழல் 18 அங்குலம், நுனியில் 15 மில்லிமீட்டர், மரக்கட்டை, ஸ்கோப்போடு 3.4 கிலோ. உரிமதாரர் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்யும்போது இன்னொருவர் அவருடைய துப்பாக்கியால் சுடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது என்பதால், சோதனை முழுவதும் நாங்கள் மூவரும் கூடவே இருந்தோம்.

கனக்குழலின் புகழ் அதன் விறைப்பில் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். தோட்டா உள்ளே ஓடும்போது குழல் சாட்டைபோல் நெளிகிறது. தடித்த குழல் குறைவாக நெளியும் என்பது உண்மை. ஒரு முனையில் பிடித்த கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். மேலே சொன்ன தடிமன்களை வைத்துப் பார்த்தால், நீளம் ஒன்றாக இருக்கும்போது கனக்குழல் ஏறத்தாழ 5 மடங்கு விறைப்பு. ஆனால் நீளம் ஒன்றாக இல்லையே. அதே விறைப்பு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். 26 அங்குலத்தை 18ஆக வெட்டினால் விறைப்பு 3 மடங்கு கூடிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கனக்குழலுக்கு மிஞ்சுவது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலான ஆதாயம்தான். குழல் நுனியை நோக்கிச் சிறுத்துப் போவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை என்றாலும், பேச்சின் போக்கு அதனால் மாறாது. மெலிந்த குழலைக் குறுக்கினால் அது பாதி கனக்குழல் ஆகிவிடுகிறது. கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

மாறாமல் நிற்கும் வேறுபாடு சூட்டில் இருக்கிறது. ஒரு .308 தோட்டாவில் எரியும் மருந்து ஏறத்தாழ 3 கிராம். அதன் ஆற்றலில் கால் பங்கு போலக் குழலுக்குள் வெப்பமாக இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முக்கால் கிலோ எடையுள்ள மெலிந்த குழல் ஒவ்வொரு தோட்டாவுக்கும் 8 பாகை போலச் சூடேறும். இரண்டேகால் கிலோ எடையுள்ள கனக்குழல் 3 பாகைக்குள் நிற்கும். பத்துத் தோட்டா விடாமல் சுட்டால் ஒன்றைக் கையால் தொட முடியாது, மற்றது வெதுவெதுப்பாக இருக்கும். சூடேறிய மெலிந்த குழல், உள்ளே இருக்கும் இறுக்கங்களின் போக்கில் மெல்ல வளையும். அடிகளும் ஒரு திசையில் ஊர்ந்து போகும்.

பின்னுதையில் கனக்குழல் ஐயமின்றி வெல்கிறது. 9.7 கிராம் தோட்டாவை நொடிக்கு 860 மீட்டர் வேகத்தில் அனுப்பும் 5.8 கிலோ ரைபிள் தோளுக்குத் திருப்பித் தருவது 14 ஜூல் போல. 18 அங்குலக் குழலில் வேகம் 50 மீட்டர் குறையும், ஆனாலும் 3.4 கிலோ கார்பைன் 21 ஜூல் போலத் தரும். வலது தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 58 வயது மாமாவுக்கு அந்த 7 ஜூல் சின்ன விஷயமல்ல. இந்த ஒரு காரணத்துக்காக நானும் சில நாட்கள் கனக்குழல் பக்கமே சாய்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தாள்களும் தட்டுகளும்

மேல்தோட்டத்தில் மண்வரப்பு ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. அதன் பின்னால் நூறு மீட்டருக்குக் காலி நிலமும், அதற்கு அப்பால் குன்றும் இருப்பதால் அங்கேதான் தாள்களை நட்டோம். முதலில் செய்தது, வழக்கமாக எல்லாரும் செய்யும் சோதனை. 100 மீட்டரில், மணல்மூட்டை மேல் வைத்து, பத்துத் தோட்டா தொடர்ச்சியாக. கனக்குழல் பத்தையும் 3.5 சென்டிமீட்டருக்குள் போட்டது. கார்பைனின் முதல் மூன்றும் ஏறத்தாழ அதே அளவுக்குள் விழுந்தன. நான்காவது சற்று மேலே போனது, ஏழாவதிலிருந்து வலப்பக்கமாக ஏறத் தொடங்கியது, பத்தாவதோடு குரூப், அதாவது அடிகள் பரவிய அகலம், 11 சென்டிமீட்டர் ஆனது. தாளைக் கையில் வாங்கிய மாமா, நான் சொன்னேன் பார்த்தாயா என்ற முகத்தோடு என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

அடுத்த சோதனைக்கு அவரைச் சம்மதிக்க வைப்பதே பாடாக இருந்தது. ஏழு நாள், காலையில் ஒரே ஒரு தோட்டா, இராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த குழலிலிருந்து. தாளை மாற்றக் கூடாது, நேற்றைய ஓட்டைக்குப் பக்கத்தில்தான் இன்றைய ஓட்டை விழ வேண்டும். "ஒரு தோட்டா சுட ஒரு மணி நேரம் பக்கி ஓட்டிக்கிட்டு வர்றியே, உனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டார். (பக்கி என்பது இங்கே பிக்கப் வண்டி.) பன்றி இரண்டாவது தோட்டாவுக்கு நிற்காது என்பதால்தான் இந்தச் சோதனை. வேட்டைக்காரருக்குத் தன் துப்பாக்கியைப் பற்றித் தெரிய வேண்டிய முதல் செய்தி, குளிர்ந்த குழலின் முதல் அடி எங்கே விழுகிறது என்பது. பத்துத் தோட்டாக் குரூப், குறிசுடும் போட்டிக்காரரின் அளவுகோல். ஏழாம் நாள் முடிவில் கனக்குழலின் ஏழு ஓட்டைகளும் 4 சென்டிமீட்டருக்குள் இருந்தன, கார்பைனுடையவை 6 சென்டிமீட்டருக்குள். பன்றியின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சறை இருக்கும் இடம் ஒரு சாண் அகலம். 100 மீட்டரிலேயே இரண்டும் அதற்குள் தாராளமாக அடங்குகின்றன. பன்றிக்குக் காத்திருக்கும் பரணிலிருந்து இரை போடும் இடமோ 55 மீட்டர்தான்.

மூன்றாவதாக, 15 சென்டிமீட்டர் காகிதத் தட்டை 60 மீட்டரில் வைத்து, சரிவில் வேகமாக ஏறி வந்து மூச்சு வாங்க நின்றபடியே சுட்டோம். ஊன்றுகோல் வைத்துச் சுட்டபோது மாமா கனக்குழலால் பத்துக்கு 9, கார்பைனால் 8 அடித்தார். எடை அசையாமல் நிற்கிறது, அதை மறுக்க முடியாது. ஊன்றுகோல் இல்லாமல் சுட்டபோது கனக்குழலால் 4, கார்பைனால் 7. ஐந்தாவது தோட்டாவிலேயே இடக்கை நடுங்கத் தொடங்கி, குழல் வாய் மெல்லக் கீழே தொங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

கார்பைனில் தவறிய மூன்றின் காரணம் வேறு. அதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் மேகசினில் நடுவில் ஒரு போலித் தோட்டாவை வைத்துக் கொடுத்தேன். விசையை இழுத்தபோது வெடிக்கவில்லை, ஆனால் குழல் வாய் நான்கு விரற்கடை கீழே குதித்தது. தோள் உதைக்கு முன்பே பயந்து முன்னால் தள்ளியிருந்தது. மாமா ரைபிளை இறக்கி வைத்துவிட்டு, சற்று நேரம் கரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ".303லயும் இதேதான் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன் போல" என்றார். மூன்று பன்றிகளில் எத்தனை துப்பாக்கி விட்டது, எத்தனை தோள் விட்டது என்று இனிப் பிரித்தறிய வழியில்லை.

கரும்புக்குள்

இவ்வளவுக்குப் பிறகும் அவர் கனக்குழலை விடவில்லை. பரண் மேல் உட்கார்ந்து, கைப்பிடிக் கட்டையில் சாய்த்து வைத்துச் சுடுபவனுக்கு எடை எதற்குத் தடை என்று கேட்டார். நியாயமான கேள்வி. தினைப்புனத்தில் பரண் கட்டிப் பன்றிக்குக் காவல் இருந்த மரபு குறிஞ்சித் திணையிலேயே இருக்கிறது. 1860இல் சென்னையிலிருந்து டிரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் கரும்பின் ஓரத்தில் பரண் கட்டியதில் வியப்பில்லை. எங்கள் பரண் யூகலிப்டஸ் கம்புகளால் ஆனது, 4 மீட்டர் உயரம். உயரத்தில் எனக்குப் பிடித்த நன்மை பார்வை அல்ல, பாதுகாப்பு. மேலிருந்து கீழாகச் சுட்டால் தவறிய தோட்டாவும் ஊடுருவிய தோட்டாவும் மண்ணில்தான் புதையும். வானத்தை நோக்கிப் போகும் .308 தோட்டா பல கிலோமீட்டர் போகக்கூடியது. கரும்பு வெட்டுபவர்களின் குடியிருப்போ 700 மீட்டரில் இருக்கிறது.

உரிய அனுமதியோடு ஓர் இரவு என் ரைபிளையே எடுத்துக்கொண்டு இருவரும் ஏறினோம். இரைக்கு ஒரு வாரமாக ஊறிப் புளித்த மக்காச்சோளம். பத்தரை மணிக்குக் கூட்டம் வந்தது. மாமா பொறுமையாக இருந்து பெரிய பன்றியைச் சுட்டார். அடி விழுந்த சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அறைந்ததுபோல் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் அது ஓடிக் கரும்புக்குள் மறைந்தது. இருட்டில் பின்தொடரக் கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் இரண்டு கருத்தில்லை. அடிபட்ட புஷ்பிக்கின் கீழ்க்கோரைப்பல் தொடையைக் கிழித்துவிடும்.

விடிந்ததும் இரத்தத்தைப் பிடித்து உள்ளே போனோம். வெட்டுக்குத் தயாரான கரும்பு, அதிலும் காற்றில் சாய்ந்து பின்னிக் கிடந்த பகுதி. முன்னால் மாமா, இரண்டடி பின்னால் நான். சைலன்சரையும் சேர்த்தால் அந்த ரைபிள் 1.3 மீட்டருக்கு மேல். இருபது அடி போவதற்குள் குழல் வாய் நான்கு முறை சோகையில் சிக்கியது. ஒவ்வொரு முறையும் அதை விடுவிக்க அவர் துப்பாக்கியைத் தூக்கிப் பின்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது. இடப்பக்கம் ஏதோ சலசலத்தபோது அவர் திரும்பினார், துப்பாக்கி திரும்பவில்லை. இரண்டு தடித்த கரும்புகளுக்கு நடுவே குழல் மாட்டிக்கொண்டு நின்றது. சலசலத்தது ஒரு காடை. பன்றி அதற்கும் பத்து மீட்டர் அப்பால் செத்துக் கிடந்தது. நல்ல அடி, இரவே செத்திருக்க வேண்டும்.

மாமா பன்றியைப் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்ட குழலைத்தான் பார்த்தார். வெளியே வந்து பக்கியின் பின்பலகையில் உட்கார்ந்து தேநீர் ஊற்றியபோது, "கடிதத்துல கார்பைன்னே எழுதிடு தம்பி" என்றார்.

கடிதத்தில் நான் எழுதிய வாதம் இதுதான். இந்தத் துப்பாக்கியின் வேலை ஓர் இரவில் ஒரு தோட்டா, 60 மீட்டருக்குள். அதன் கடினமான பகுதி சுடுவது அல்ல, காயம்பட்டதை அடர்ந்த கரும்புக்குள் தேடிப் போவது. துப்பாக்கியின் நீளத்தை அந்தக் கடினமான பகுதிதான் முடிவு செய்ய வேண்டும், சுலபமான பகுதி அல்ல. தொடர்ந்து சுடும் தேவையே இல்லை. இந்தப் பிரிவில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்களுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. பத்தாவது தோட்டாவிலும் கலங்காத குழலுக்குத் தரும் இரண்டரைக் கிலோ, இங்கே யாரும் கேட்காத கேள்விக்கான பதில். இவ்வளவையும் ஒன்றரைப் பக்கத்தில், தோட்டத்தின் வரைபடத்தோடு இணைத்தேன். உரிமம் வந்தது.

வாங்கிய பிறகு

வாங்கியது 18 அங்குலக் குழல், வால்நட் கட்டை, 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தோளுக்காக இரண்டு காரியங்கள் செய்தோம். கட்டையின் அடியில் இருந்த கடினமான தகட்டை எடுத்துவிட்டு, தடித்த மென்ரப்பர் பொருத்தினோம். குழல் வாயில் சைலன்சர் போட்டோம். இங்கே வேட்டைக்காரர்களிடம் அது சாதாரணப் பொருள். குட்டைக் குழலுக்கு அது கிட்டத்தட்டக் கட்டாயம் என்பது என் கருத்து. 160 டெசிபல் அளவில் வெடிக்கும் சத்தத்தைக் குறைப்பது ஒரு பக்கம். குட்டைக் குழலில் எரிந்து முடியாத மருந்து வாய்க்கு வெளியே பூவாணம்போல் எரியும். இரவில் அதைப் பார்த்த கண்ணுக்கு அரை நிமிடம் ஒன்றும் தெரியாது, பன்றி எந்தப் பக்கம் ஓடியது என்பதும் தெரியாது. சைலன்சர் அந்தச் சுடரை விழுங்கிவிடுகிறது, உதையையும் குறைக்கிறது. நீளம் 15 சென்டிமீட்டர் கூடிவிட்டது, கால் கிலோவுக்கு மேல் முன்பாரமும் ஏறிவிட்டது. கார்பைன் வாங்கியதன் பலனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லலாம். மெலிந்த குழலின் நுனியில் எதைத் தொங்கவிட்டாலும் அடி விழும் இடம் மாறும் என்பதால், சைலன்சரோடுதான் ஜீரோ செய்ய வேண்டும், அதன்பின் அதைக் கழற்றிச் சுடக் கூடாது. பயந்து தள்ளும் பழக்கத்துக்கு, உதை தெரியாத .22தான் மருந்து. வாரத்துக்கு ஐம்பது தோட்டா, நான்கு மாதம்.

குறையும் உண்டு. அந்த ஜூலையில் உறவினர் கூட்டத்தோடு கரூ என்னும் வறண்ட வெட்டவெளிக்கு ஸ்பிரிங்பாக் மான் வேட்டைக்குப் போனார். அங்கே மரமும் இல்லை, மறைவும் இல்லை. 250 மீட்டரில் 35 கிலோ மான், ஓயாத குறுக்குக்காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் காற்றே அந்தத் தூரத்தில் தோட்டாவை 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிவிடும். பண்ணைக்காரர் கூட்டத்தைக் குறைக்கச் சொல்லியிருந்ததால், பக்கியின் மேல் மணல்மூட்டை போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சுட வேண்டிய வேலை. முதல் இரண்டு மான்கள் விழுந்தன. மூன்றாவது மானுக்கு மேலாகத் தோட்டா தாண்டிப் போனது, நான்காவதும் அப்படியே. குழலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறியிருக்கிறார். பண்ணைக்காரர் தன்னுடைய கனக்குழலைக் கொடுத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டார். மாலைக்குள் மாமா அதனால் இன்னும் ஏழு மான் அடித்தார். திரும்பி வந்து, பில்டோங் என்னும் உலர் இறைச்சி மூட்டையை இறக்கியபடி, "அங்கே அது, இங்கே இது" என்று மட்டும் சொன்னார். ஆண்டுக்கு இரண்டு நாள் போகும் கரூவுக்காக அவருடைய நான்காவது இடத்தைக் கொடுத்திருந்தால் தவறு என்றே இப்போதும் நினைக்கிறேன். அவர் ஆண்டுக்கு இருபது நாள் போகிறவராக இருந்தால் இந்தப் பதிவின் முடிவு தலைகீழாக இருந்திருக்கும்.

மழைக்காலம் முடிந்து மார்ச்சில் மறுபடி பரண் ஏறுவதற்கு முன், குளிர்ந்த குழல் சோதனையை மூன்று நாள் செய்யச் சொன்னேன். மூன்று ஓட்டைகளும் ஒன்றோடொன்று நெருங்கித்தான் இருந்தன, ஆனால் மூன்றும் மையத்துக்கு 7 சென்டிமீட்டர் இடப்பக்கம். மாமாவின் முகம் .303ஐ நினைத்துக் கறுத்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ராண்ட் நோட்டை எடுத்து, குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே நுழைத்து, முன்னிருந்து பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். வாங்கிய நாளில் கடைசிவரை தடையின்றிப் போன நோட்டு, இப்போது பாதியில் வலப்பக்கமாக மாட்டிக்கொண்டு காண்டாமிருகத்தின் தலை மட்டும் வெளியே தெரிய நின்றது. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வால்நட் ஊதிக் குழலைத் தொட்டிருக்கிறது. கனக்குழல் இந்த அளவு தொடுதலைக் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம், மெலிந்தது கண்டுகொண்டது. கட்டையைக் கழற்றி, உருண்டைக் கம்பியில் உப்புத்தாள் சுற்றி, தொட்ட இடத்தை ஒரு மில்லிமீட்டர் போலத் தேய்த்து, ஈரம் புகாதபடி மூன்று பூச்சு எண்ணெய் கொடுத்தோம். மறுநாள் காலை முதல் தோட்டா மையத்துக்கு ஒரு விரற்கடை மேலே விழுந்தது. நோட்டை மாமா துப்பாக்கிப் பெட்டியின் உள்கதவில் ஒட்டி வைத்திருக்கிறார், ஒவ்வொரு மாதமும் நுழைத்துப் பார்ப்பதற்கு.